புளியமரத்து மாப்பிள்ளை

குருமூர்த்தியைப் பற்றிப் பருக்கல்மேட்டில் யாரைக் கேட்டாலும் பேச்சு புளியமரத்தில்தான் தொடங்கும். ஜெயசித்ராவைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு மாப்பிள்ளையானவன் அவன். உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆன முதல் மாட்டுப் பொங்கலன்று, கோயில் மாட்டின் கொம்பில் கட்டியிருக்கும் துண்டைப் புது மாப்பிள்ளை அவிழ்க்க வேண்டும். அதற்குப் பெரிய வீரம் ஒன்றும் தேவையில்லை. மாடு கிழமாடு. தாடையைச் சொறிந்துகொடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். துண்டை அவிழ்த்தவனுக்கு மாமனார் வீட்டில் ஆட்டுக்கறி, ஊருக்குள் நல்ல பேர்.

குருமூர்த்தியின் நேரம், அந்த வருடம் மார்கழியிலேயே கிழமாடு செத்துப்போயிற்று. அதற்குப் பதிலாக ராஜா வீட்டுக் காளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ராஜா ஜெயசித்ராவுக்குப் பங்காளி வீட்டுத் தம்பி. மஞ்சுவிரட்டுக்கென்றே தீனி போட்டு வளர்த்த காளை அது. கண் சிவந்து, மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. குருமூர்த்தி நாலடி முன்னால் போனான். காளை ஒரு தடவைதான் மூச்சு விட்டது. அடுத்து ஊர் பார்த்தது, மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு புளியமரத்தின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருந்ததைத்தான். எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. இறங்கும்போது கிளை முறிந்து விழுந்து, இடது புருவத்துக்கு மேல் கிழித்துக்கொண்டான். ராஜா போய்க் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கித் துண்டை அவிழ்த்துக் காட்டினான். அன்றைக்கு வைத்த பேர்தான் "புளியமரம்". சொந்தப் பேரை ஊரே மறந்துவிட்டது.

அவன் பயந்தவன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். மாட்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிக்குப் பயம். அரியலூர் சாலையில் லாரி எதிரே வந்தால் டிவிஎஸ் வண்டியை ஓரங்கட்டி இறங்கி நிற்பான். திருமானூர்ப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டின் கடைசிப் பிள்ளை. கொள்ளிடத்தில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை. ஐடிஐ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். ஏணியில் ஏறச் சொன்னால் மட்டும் பக்கத்தில் இருப்பவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஏற்றிவிடுவான்.

ஜெயசித்ரா வேறு ரகம். ஜெயங்கொண்டத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஊருக்குள் போகும். யார் பெரிய ஆள் என்பதை ஊர் முடிவு செய்வதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். முகத்துக்குப் பின்னால் என்ன வைக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்தாலே போதும் என்பாள். கடை தொடங்கிய காலத்தில் எல்லோருக்கும் சிங்கம் வேண்டும். பிறகு ஃபாரின் போய் வந்தவர்களுக்கு விமானம். அப்புறம் கொஞ்ச காலம் ஜேசிபி. இப்போது காளை, சில பேனர்களில் ஆளே கிடையாது, காளை மட்டும்தான், அதற்கும் கூலிங் கிளாஸ். போன வருடம் மருத்துவ சீட்டு வாங்கிய ஒரு பெண்ணுக்கு ஊரே சேர்ந்து நாற்பது அடிக்குப் பேனர் வைத்தது. பின்னால் என்ன வைப்பது என்று கேட்டதற்கு ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அதற்கும் சிங்கத்தையே வைத்தார்கள்.

இவ்வளவு பேரைப் பெரிய ஆளாக்கியவளுக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. பிறந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது "என்னக்கா, புளியமரம் வரலியா?" என்று கேட்பார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போவாள். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்துக்கொள்வாள். தன் புருஷனை அந்த ஊர் ஒரே ஒரு நாளாவது மனுஷனாக மதிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

அவன் எப்படிப்பட்டவன் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா பஞ்சவர்ணம் பக்கவாதத்தில் விழுந்தபோது தெரிந்துகொண்டாள். ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டது. ஜெயங்கொண்டத்துக்குத் தங்கள் வீட்டுக்கே தூக்கிவந்தார்கள். வேலைக்கு வைத்த பெண் பத்து நாளில் சொல்லாமல் நின்றுவிட்டாள். கடையை மூடினால் வீட்டில் அடுப்பு எரியாது. குருமூர்த்தி ஒன்றும் பேசவில்லை. கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு வந்து, "நீ கடைக்குப் போ, அத்தைய நான் பாத்துக்கறேன்" என்றான்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று புரியும். மாமியார் மருமகனுக்கு எதிரே நிற்கவே மாட்டாள். மாப்பிள்ளை வந்தால் பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். "மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவான்னு கேளு" என்று மகள் மூலமாகத்தான் பேச்சு. அப்படிப்பட்டவளை அவன் தூக்கினான், துடைத்தான், துணி மாற்றினான். முதல் நாள் அவள் வெட்கத்தில் வாய் கோணி அழுதாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே வேலையைச் செய்தான். வேலை முடிகிற வரைக்கும் பேச்சு நிற்காது. "அத்த, பெரம்பலூர்ப் பக்கம் இந்த வருசம் சின்ன வெங்காயமெல்லாம் அழுகிப் போச்சாம். குரும்பலூர்ல ஒருத்தன் வயலோட உழுதுட்டானாம்" என்று வெங்காயத்திலிருந்து மழை, மழையிலிருந்து பஸ் கட்டணம் என்று போய்க்கொண்டே இருப்பான். பேச்சு முடியும்போது வேலையும் முடிந்திருக்கும். சாகிற வரை, நாலு வருடம், அந்த அம்மாளுக்கு உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை.

ஊர் இதற்கும் ஒரு பேர் கண்டுபிடித்தது. "புளியமரம் இப்ப ஆயா வேலைக்குப் போயிடுச்சாம்" என்றார்கள். ஜெயசித்ரா அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கடையில் உட்கார்ந்து அழுதாள்.

பஞ்சவர்ணம் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, பருக்கல்மேட்டு வீரனார் கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. வீரனார் என்பவர் அந்தக் காலத்தில் மாடு திருட வந்தவர்களை ஒற்றையாளாக மறித்து, வெட்டுப்பட்டுச் செத்தவர். உள்ளே அவருக்கு நட்ட கல் இருக்கிறது. கையில் கத்தி தெரியும், கால் தெரியும், முகம் மட்டும் இல்லை. இத்தனை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, பாசத்திலேயே முகத்தை வழித்துவிட்டார்கள். அதனால் வெளியே இருக்கும் சுதைச் சிலைக்கு ஒவ்வொரு குடமுழுக்கிலும் புதுசாக முகம் செய்வார்கள். அந்தந்தக் காலத்தில் எவன் வீரனோ, அவன் சாயல் வந்துவிடும். ஒரு தடவை ரோஸ் கன்னமும் பென்சிலால் கீறிய மாதிரி மீசையும் வைத்திருந்தார். அடுத்த தடவை காதை மூடிய முடியும் முறுக்கு மீசையுமாக, அந்தக் கால மேடைப் பேச்சாளர் மாதிரி மாறினார். போன குடமுழுக்கில் வயிற்றில் ஆறு கட்டு வைத்துவிட்டார்கள். சாமி ஜிம்முக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

இந்த முறை முகம் வரைந்து கொடுக்கும் வேலை ஜெயசித்ராவிடம் வந்தது. அவள் கொடுக்கும் படத்தைப் பார்த்துத்தான் சிற்பி சுதையில் செய்வார். அதையே பேனராகவும் வைப்பார்கள். கோயில் தர்மகர்த்தா கொளஞ்சியப்பன் அவளுக்குத் தாய்மாமன், பஞ்சவர்ணத்தின் அண்ணன். விழாக் கமிட்டித் தலைவர் ராஜா. இரண்டு பேரும் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்குத் தொடங்கியது அவளுக்குத் தலைவலி.

ராஜா தன் போனில் ஏஐ போட்டு எடுத்த படத்தை நீட்டினான். தங்கக் கவசம், காற்றில் பறக்கும் முடி, பின்னால் பனிமலை.

"எப்புடிக்கா, செம மாஸா இருக்குல்ல?"

கொளஞ்சியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எந்தூரு ராசாடா இவன்? நம்மாளு மாடு மேய்ச்சவன்டா. முந்திரிக்காட்டுல பனி எங்கருந்து வந்துச்சு?"

அவர் பையிலிருந்து தன் தாத்தாவின் மங்கிய போட்டோவை எடுத்தார். "இவரு மாதிரி போடு ஆயி. எங்க வம்சத்துல வந்த மொகம்."

"மாமா, இவரு பல்லு வலியில ஒக்காந்திருக்கற மாதிரி இருக்காரு" என்றான் ராஜா. அதோடு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் வரைந்து வரைந்து அனுப்பினாள். ஒன்று கிழவருக்குப் பிடித்தால் ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. சிற்பி உடம்பையெல்லாம் முடித்துவிட்டு, "தலை மட்டுந்தாம்மா பாக்கி" என்று தினமும் போன் செய்தார். படம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் மத்தியானம் வரை ஒன்றும் அமையவில்லை. அப்போது குருமூர்த்தி சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தான். தூக்குச் சட்டியைத் திறந்து சோற்றைப் பிசைந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயசித்ராவுக்கு என்ன தோன்றியதோ, கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தாள். "ஏங்க, கொஞ்சம் தலைய நிமித்துங்க."

"எதுக்கு?"

"வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கணும். பல்லக் காட்டாதீங்க. யாராச்சும் மேல உழ வராங்க, நீங்க தாங்கிப் புடிக்கப் போறீங்கன்னு நெனச்சிக்குங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்ணைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். பெரிய மீசை வைத்தாள், தலைப்பாகை கட்டினாள், தோளை அகலப்படுத்தினாள். படம் முடிந்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. யோசித்தால் கை வராது என்று உடனே அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். பரு, தழும்பு, மச்சம் அழிப்பதுதான் அவளுக்கு அன்றாட வேலை. கல்யாணப் பெண் தொடங்கிச் செத்துப்போன தாத்தா வரை ஒருவரையும் அவள் தழும்போடு வெளியே அனுப்பியதில்லை. அவசரத்தில் புருஷன் புருவத்துக்கு மேலே இருந்த கோட்டை அழிக்க மறந்திருந்தாள். புளியமரத்துக் கோடு.

மாமாவுக்குப் போன் போட்டாள். "மாமா, அந்தப் படத்துல ஒரு தழும்பு இருக்கு. அழிச்சிட்டு வேற அனுப்புறேன்."

மாமா அதை முன்பே பார்த்திருந்தார். "இருக்கட்டும் ஆயி. வெட்டுப்பட்டுச் செத்த ஆளு. ஒரு காயங்கூட இல்லாட்டி எப்படி?" என்றார்.

ராஜா அதைவிடக் குதித்தான். "அக்கா, அந்த வெட்டுக் காயந்தாங்க்கா டாப்பு! இதான்டா வீரன் மொகம்னு பசங்களெல்லாம் ஸ்டேட்டஸ் வச்சிட்டானுவ!" பேனர் ஏறியது. ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. குருமூர்த்தியைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். முகத்தை நின்று பார்த்ததில்லை. அவனும் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு சித்ரா. யாரு மாதிரியோ இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காய் வாங்கப் போனான்.

குடமுழுக்கு அன்று காலையில் கலசத்தில் தண்ணீர் ஊற்றி, சுதைச் சிலையை மூடியிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார்கள். சிற்பி கை தேர்ந்தவர், ஒரு கோடு விடாமல் செய்திருந்தார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்தது மாப்பிள்ளை மரியாதை. அந்த ஊரில் பெண் எடுத்தவர்களை எல்லாம் சிலைக்குக் கீழே வரிசையாக நிறுத்தி, கமிட்டித் தலைவர் கையால் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிடுவார்கள். ராஜா சிரித்துக்கொண்டே வந்தான்.

"வா புளியமரம், தலையக் குனி. இதுக்காவது பயப்படாம நில்லு."

கட்டி முடித்து, முடிச்சு சரியாக இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. புருவத்தைப் பார்த்தான். அண்ணாந்து சிலையைப் பார்த்தான். மறுபடியும் கீழே பார்த்தான்.

"டேய்! சாமிக்கு நம்ம புளியமரத்து மொகத்த வச்சிருக்குதுடா இந்தக்கா!"

மேளம்கூட நின்றுவிட்டது. பிறகு கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. சிலர் சிரித்தார்கள், பலர் கொதித்தார்கள். "மரத்துல ஏறுனவன் மொகத்த வச்சா கும்புடுறது? இடிச்சித் தள்ளுங்கடா" என்று ஒரு குரல். பூசாரி செல்லமுத்து இரண்டு கையையும் உதறினார். "உசுரோட இருக்கறவன் மொகத்த சாமிக்கு வைக்கலாமா? அவன் ஆயுசுக்கே ஆவாதேம்மா!"

குருமூர்த்தி அப்போதுதான் சிலையை உற்றுப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. வழக்கம்போல ஓடிவிடுவதற்குக் கால் திரும்பியது. ஆனால் பக்கத்தில் ஜெயசித்ரா தனியாக நின்றாள், அதனால் ஓடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதாங்க. இடிச்சிடுங்க. அவள ஒண்ணுஞ் சொல்லாதீங்க" என்றான். அவளுக்கு உயிரே போய்விட்டது. ஊர் அவனை மதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இனி அவன் இந்த ஊருக்குள் கால் வைக்கவே முடியாமல் செய்துவிட்டாளே.

கொளஞ்சியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் குடத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா சத்தம்? எனக்குப் படம் வந்த அன்னைக்கே தெரியும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எந்தங்கச்சி படுத்திருந்தப்ப ஒரு நா பாக்கப் போனேன். கதவு தொறந்திருந்துச்சு. இந்தப் புள்ள அவளக் கழுவிக்கிட்டிருந்தாரு. செவுத்தப் பாத்துக்கிட்டு என்னமோ வெங்காயக் கத சொல்லிக்கிட்டே கழுவுனாரு. கூடப் பொறந்தவன் நான். உள்ள போவ எனக்குத் தைரியம் வல்லடா. வாங்கிட்டுப் போன ஆரஞ்ச வாசல்லயே வச்சிட்டு பஸ்ஸேறி வந்துட்டேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாட்டுக்கு முன்னால நிக்க இந்த ஊர்ல நூறு பேரு இருக்கீங்க. அதுக்கு முன்னால நிக்க எவன் இருக்கான், சொல்லு?"

இடிக்கச் சொன்ன குரல் பின்வரிசைக்கு நழுவியது. பூசாரி மட்டும் மெல்ல, "அதுக்கில்லைங்க, செத்தவங்களுக்குத்தான கல்லு நடுறது வழக்கம்" என்றார்.

"செத்தப்பறம் நட்டா அவனா வந்து பாக்கப் போறான்? இவரு இப்பவே பாத்துக்கட்டும். ஆயுசுக்கு ஆவாதுன்னா அதுக்கும் ஒரு பூச இருக்குமில்ல? பண்ணு."

செல்லமுத்து அதற்கும் ஒரு பூஜை வைத்திருந்தார். மஞ்சள் கயிறு ஒன்றை வீரனார் காலில் வைத்து எடுத்து, குருமூர்த்தியின் கையில் கட்டினார். குருமூர்த்தி திருதிருவென்று விழித்தான். யாரோ மேளக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். தவில் மறுபடி தொடங்கியது.

பந்தியில் ஜெயசித்ராவும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். ஊர் வாயை அடைத்துவிட்டார் மாமா. ஆனால் பெரியவர் பேச்சுக்காக வாயை மூடிக்கொள்வதும் மதிப்பதும் ஒன்றா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பரிமாறுகிறவர்கள்கூட அவனை நேராகப் பார்க்காமல் இலையில் போட்டுவிட்டுப் போனார்கள். ராஜாவை எங்கேயும் காணோம்.

குழம்பு முடிந்து ரசம் வரும் நேரத்தில் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். ராஜாதான். வியர்த்து வழிந்தது. கீழே குந்தி உட்கார்ந்து, குருமூர்த்தியின் காதருகே பேசினான். காளையை மடக்கியவனின் குரல் அவ்வளவு சன்னமாக வரும் என்று ஜெயசித்ரா நினைத்ததே இல்லை.

"மாமா."

குருமூர்த்தி திரும்பினான். இத்தனை வருடத்தில் ராஜா அவனை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

"அம்மா விழுந்து படுத்துக் கெடக்குல்ல. இடுப்புக்குக் கீழ புண்ணு வச்சிடுச்சு மாமா. எம் பொண்டாட்டியால தூக்க முடியல. நான் தொட்டா அது வேணாம் வேணாம்னு அழுவுது. எனக்கும் பாக்க முடியல, ஓடி வந்துடறேன்." அவன் கண் கலங்கியிருந்தது. "எப்படிப் பண்ணணும்னு தெரியல. ஒருக்கா வந்து பாக்குறீங்களா? சாப்ட்டுட்டு மெதுவா வாங்க."

அவன் அம்மா வீராயி முந்திரித் தோப்பில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடப்பது ஜெயசித்ராவுக்கும் தெரிந்த செய்திதான். புண் வந்தது தெரியாது. வீட்டு விஷயத்தை ராஜா வெளியே சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை.

குருமூர்த்தி இலையை மடித்தான். "புண்ணு எத்தன நாளா இருக்கு? வெந்நி வச்சிருக்கீங்களா?"

"ஏங்க, இன்னும் பாயசம் வல்ல" என்றாள் ஜெயசித்ரா.

"வந்து சாப்டுக்கறேன் சித்ரா. புண்ண வச்சிக்கிட்டு அந்தம்மா எவ்ளோ நேரம் கெடக்கும்?"

பந்தலுக்கு வெளியே ஊர்ச் செருப்பெல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தது. ராஜா அதில் குனிந்து தேடித் தேடி, குருமூர்த்தியின் செருப்பைக் கண்டுபிடித்து எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தான். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் வீராயி வீட்டுத் தெருவுக்குள் திரும்புகிற வரை ஜெயசித்ரா பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாயச வாளியோடு வந்த பையனை நிறுத்தி, தனக்கு இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரருக்கு ஒரு சொம்புல தனியா எடுத்து வைப்பா, வேலையா போயிருக்காரு" என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னாள்.